யார் சாப்பிடுகிறார்கள்?

கவிராவின் வீட்டில் குடைக்குப் பஞ்சமில்லை. கதவுக்குப் பின்னால் வெள்ளையும் நீலமுமாக ஒன்பது தொங்கின. ஒன்பதிலும் ஒரே சோப்புக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை நைரோபியில் பங்குதாரர் கூட்டம் போடும். வருகிறவர்களுக்கு ஒரு குடையும், கோழித் துண்டும் ரொட்டியும் சோடாவும் வைத்த சாப்பாட்டுப் பெட்டியும் கொடுப்பார்கள். நாலா திசையிலிருந்தும் சனங்கள் அதற்காகவே விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வரிசையில் நிற்பார்கள்.

"ஒரு குடைக்கு ஆயிரத்து நூறு ஷில்லிங் பஸ் சார்ஜ் குடுக்கிற பொம்பளை இந்த மலையில நம்ம டெனிஸ் அம்மா ஒருத்திதான்" என்று கன்யாகினே சந்தையில் அவளைச் சொல்லிச் சிரிப்பார்கள். கவிராவும் கூடச் சிரித்துவிட்டுப் போவாள். அவள் அங்கே போவது ஒரு கேள்வி கேட்க. வருஷத்துக்கு ஒரே ஒரு கேள்வி. போன வருஷம், கையில் இவ்வளவு ரொக்கத்தை வைத்துக்கொண்டு ஏன் வட்டிக்குக் கடன் வாங்கினீர்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டாள். மேடையில் இருந்தவர் தொண்டையைச் செருமுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "அம்மா தாயே, உக்காருங்க! கோழி ஆறிப்போகுது!"

பிழைப்புக்கு அவள் தேயிலைக் கொழுந்து எடைபோட்டாள். கென்யாவின் மேரு மாவட்ட மலைச்சரிவில் அந்தப் பகுதித் தேயிலை முழுவதும் அவளுடைய எடைக்கொட்டகைக்குத்தான் வரும். சாக்கைத் தராசில் மாட்டும் முன் இரண்டு உதறு உதறுவாள். நனைந்த கொழுந்து எடை கூடக் காட்டும். "தண்ணிக்கு நான் எதுக்குக் காசு எழுதணும்?" என்பாள். கொழுந்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே உதறுவார்கள்.

பங்குகளையும் அவள் அப்படித்தான் உதறிப் பார்த்தாள். தபாலில் வரும் ஆண்டறிக்கையை மற்றவர்கள் கிழித்துப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டார்கள். இவள் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். மொத்தக் கம்பெனியையும் ஒருத்தன் வாங்கினால் என்ன கொடுக்கவேண்டும், அதனிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன், வருஷத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பாள். ஐம்பது ஷில்லிங் பெறும் பங்கு இருபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் தொடுவாள். அதற்கு முன் ஏன் வாங்குகிறேன் என்று ஒரு பக்கம் எழுதுவாள். எழுதிவிட்டும் வாங்கமாட்டாள். ஒரு செடியில் கொழுந்து கிள்ளினால் மறுபடி கிள்ளப் பத்து நாள் ஆகும். அந்த ஒரு சுற்று கழிய வேண்டும். பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து, அப்போதும் மனசு ஒப்பினால் மேரு டவுன் புரோக்கருக்குப் போன் செய்வாள். விற்பதற்கும் அதே சட்டம்தான், வாங்கிய காரணம் செத்தால்தான் விற்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: 'தப்பு என்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே ஒத்துக்கொள்வேன். அதற்குச் சுற்று கிடையாது.'

சில வருஷங்களுக்கு முன் தேர்தல் கலவரத்தில் ரோடெல்லாம் மறித்து, சோப்பு ஆலை ஒரு மாதம் மூடிக் கிடந்தபோது பங்கு பதினான்கு ஷில்லிங்குக்கு விழுந்தது. ஊரே பதறி விற்றது. கவிரா பத்து நாள் காத்திருந்து, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு ஆறாயிரம் பங்கு வாங்கினாள். கலவரம் தீர்ந்தால் சனங்கள் துணி துவைப்பார்கள் என்பதுதான் அவள் எழுதிய காரணம்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச அவளுக்கு ஒரு ஆள் கிடையாது. மகன் டெனிஸ் மொம்பாசா துறைமுகத்தில் இருந்தான், போனில் நலம் விசாரிப்பதோடு சரி. புருஷன் முரிதி தேயிலை ஆலையின் கொழுந்து லாரி ஓட்டினான். ஹார்ன் அடித்தாலே பிள்ளைகள் ஓடிவரும் மனிதன். மெதடிஸ்ட் சபையில் அவன் சிரித்தால் பாஸ்டரும் பிரசங்கத்தை நிறுத்திச் சிரிப்பார். அவன் கவிராவின் காகிதங்களைப் பார்த்தால் கொட்டாவி விடுவான். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தான் தனியாகத்தான் இருக்கிறோம் என்று கவிராவுக்குச் சில சாயங்காலங்களில் தோன்றும்.

ஆகஸ்ட் மாதப் பனிமூட்டத்தில் ஒரு நாள் முரிதி அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சமையற்கட்டில் இறக்கினான். உள்ளே எட்டு காடைகள்.

"இது என்ன?"

"டெனிஸ் அம்மா, இனிமே நீ கொழுந்து நிறுக்க வேண்டாம். இது ஒண்ணு ஆயிரம் ஷில்லிங். முட்டை ஒண்ணு அறுபது. பிரஷருக்கு மருந்தாம், சர்க்கரைக்கு மருந்தாம். நைரோபியில டாக்டருங்களே எழுதித் தராங்களாம்."

"எந்த டாக்டர்?"

"டாக்டர்னா டாக்டர்! பேரெல்லாம் கேட்டா?"

"சரி. யாரு சாப்பிடுறாங்க?"

"என்ன யாரு சாப்பிடுறாங்க?"

"இந்த முட்டைய. அறுபது ஷில்லிங் குடுத்து வாங்கி வேகவெச்சு யாரு சாப்பிடுறாங்க?"

முரிதி குனிந்து ஒரு காடையை எடுத்துத் தடவினான். "உனக்கு எதைப் பார்த்தாலும் சாக்கை உதறணும். குருவிய உதறாதே, செத்துடும்."

காடை வளர்க்க வனவிலங்கு இலாகாவில் லைசென்ஸ் வாங்க வேண்டும். முரிதி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அக்டோபருக்குள் எட்டு, நூற்றிருபது ஆனது. குஞ்சு பொரித்தவுடன் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். விலை ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. முரிதி கவிராவுக்குப் பச்சைக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தான். நல்ல கோட்டுதான். அவள் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

போனவள் சும்மா வரவில்லை. கன்யாகினேயில் நான்கு சாப்பாட்டுக் கடையிலும், மேரு டவுனில் இரண்டு ஓட்டலிலும் நுழைந்து, காடை முட்டை உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டாள், சிரித்தார்கள். முட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களை நிறுத்தி விசாரித்தாள். பதினேழு பேரில் பதினாறு பேர் குஞ்சு பொரிக்க வைக்கப் போகிறார்கள். ஒரு பெண் மட்டும் ஆஸ்துமா மகனுக்கு என்றாள். அவளும் நான்கு முட்டைதான் வாங்கியிருந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் சோளமும் கீரையும் சேர்த்து முகிமோ மசித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பதினாறு பேரும் குஞ்சு பொரிச்சு இன்னொருத்தருக்கு விக்கிறாங்க. அவரும் குஞ்சு பொரிச்சு விப்பாரு. கடைசி ஆள் யாருக்கு விப்பாரு?"

"நீ என்னை வேவு பார்க்கப் போனியா?"

"முட்டைய வேவு பார்த்தேன்."

"ஊர்ல அத்தனை பேரும் முட்டாள், நீ ஒருத்தி மட்டும் புத்திசாலி." அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "கேளு. மிஷின் ஒண்ணு வந்திருக்கு. ஒரே ஈட்டுல ஐந்நூறு முட்டை பொரிக்கும். ஒரு லட்சத்து இருபதாயிரம். உன் சோப்பு ஷேரு இன்னைக்கு என்ன விலை?"

"முப்பது."

"நாலாயிரம் வித்தா முடிஞ்சுது."

"அது ஐம்பது பெறும். விக்கிறதுக்குக் காரணம் இல்ல."

"நான் காரணம் இல்லையா?"

கவிரா மசிக்கிற கட்டையை நிறுத்தினாள். அவள் காரணம் எழுதிய எந்தப் பக்கத்திலும் அவன் பெயர் வந்ததில்லை.

"நான் கேட்டு நீ ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கியா?" என்றான் முரிதி. "முகம் தெரியாத எவனோ நைரோபியில சோப்பு காய்ச்சுறான். அவனை நம்புற. உன் கூடப் படுத்து எழுந்திரிக்கிறவனை நம்ப மாட்ட."

"உங்களை நம்புறேன். காடைய நம்பல."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி அவன் எழுந்து போனான். தன் மோட்டார் பைக்கை விற்று, மீதிக்குத் தவணை சொல்லி மிஷினை வாங்கினான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வீட்டில் பேச்சில்லை. காடைகள்தான் கத்தின. முரிதி வாசலில் பத்துப் பேரோடு சிரிப்பான், உள்ளே வந்தால் முகத்தைச் சுவராக்கிக்கொள்வான். சபையில் பெண்கள் கவிராவைப் பார்த்து, "புருஷன் முன்னேறுறது சில பேருக்குப் பிடிக்காது" என்று காது கேட்கவே சொன்னார்கள். அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள். சரியாக இருப்பது இவ்வளவு குளிரும் என்று அவளுக்குத் தெரியாது.

நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம் முரிதி ஒரு கூடை முட்டையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கருப்பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம். அவனுக்குக் கண் சரியில்லை, தப்புத் தப்பாகப் பிரித்தான். கவிரா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது பிடிக்கலை. இதும் பிடிக்கலை. இது பாருங்க, கண்ணு தெரியுது."

முரிதி அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். ஊருக்குக் காட்டும் அந்தச் சிரிப்பு முழுவதையும் அவளுக்கே காட்டினான். "அடி என் பார்ட்னரே!" என்றான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் முட்டை பிரித்தார்கள். அவன் லாரிக் கதை சொன்னான். கொழுந்து மூட்டைக்குள் சேவலை ஒளித்துக் கொண்டுபோன கிழவியைப் பற்றிச் சொல்லி, அவள் புரையேறிச் சிரிக்கும்வரை விடவில்லை. அவள் காடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் பங்கைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டோர்கஸ் அப்போதுதான் வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், புருஷன் செத்து நான்கு வருஷமானவள். ஒரு கறவைப் பசுவின் பாலில் மூன்று பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். படலுக்கு வெளியே கவிராவைத் தனியாகப் பிடித்து நிறுத்தினாள்.

"டெனிஸ் அம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க நாலு எழுத்து படிச்சவங்க, கம்பெனிக்காரனையே கேள்வி கேக்கிறவங்க. நான் பசுவ விக்கலாம்னு இருக்கேன். அறுபதாயிரம் குடுக்க இகோஜியில ஆள் இருக்கு. நாப்பது காடை வாங்கலாம். டெனிஸ் அப்பா தாராளமா வாங்குன்னு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

முற்றத்தில் முரிதி யாருக்கோ கூண்டு தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "பார்ட்னர்! நாலு பேருக்கு டீ!" என்று கத்தினான். கவிரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பங்குதாரர் கூட்டத்தில் அறுநூறு பேர் முன்னால் கேள்வி கேட்டவள், இங்கே ஒருத்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். யாரு சாப்பிடுறாங்க, டோர்கஸ்? மூன்றே வார்த்தை.

"அவர்தானே வளர்க்கிறாரு, அவரையே கேளு" என்றாள். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

ஜனவரி வெயிலில் எல்லாம் பத்து நாளில் முடிந்தது. ஒரு சுற்றுக் கொழுந்து. முட்டை அறுபதிலிருந்து முப்பது, பத்து, மூன்று. பிறகு விலையே கேட்க ஆளில்லை. எல்லோரிடமும் காடை இருந்தது, வாங்க ஒருத்தரும் இல்லை. தீவனத்துக்குக் காசில்லாமல் சனங்கள் கூண்டைத் திறந்துவிட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே காடைகள் ஓடின, பூனைகள் கொழுத்தன.

எடைக்கொட்டகையில் கவிராவோடு யாரும் பேசவில்லை. சாக்கை மாட்டினார்கள், எடையைப் பார்த்தார்கள், போனார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முரிதியின் கையால்தான் காடை போயிருந்தது. அவன் லாரி வந்தால் ஹார்னுக்கு ஒரு பிள்ளையும் ஓடிவரவில்லை. அவன் யாரையும் ஏமாற்ற நினைத்தவனல்ல. வந்த பணம் முழுவதையும் மிஷினுக்கும் தீவனத்துக்கும் போட்டிருந்தான், அவன் கையிலும் ஒன்றுமில்லை. ஆனால் பசுவை விற்று அவனிடம் காடை வாங்கிய டோர்கஸின் மூத்த பெண்ணை, பீஸ் கட்டாததால் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பையில் இரண்டு சட்டையைத் திணித்தான். "மலைக்கு அந்தப் பக்கம் திமாவுல அண்ணன் கோதுமை லாரிக்கு ஆள் தேடுறான். போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"டோர்கஸுக்குப் பசு வாங்கிக் குடுக்கிற வரைக்கும். அதுக்கு முன்னாடி இந்த ரோட்டுல நான் மூஞ்சியக் காட்டமாட்டேன்."

"ரெண்டு வருஷம் ஆகும். என்கிட்ட ஷேரு இருக்கு..."

"வேண்டாம்." அவன் பையின் வாயை இழுத்துக் கட்டினான். "நீ சொன்னது சரியாப் போச்சு. அந்தக் காசையும் உன்கிட்ட வாங்கினா அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது? நீ சரியாவே இரு, டெனிஸ் அம்மா. எனக்குத்தான் அதைத் தாங்க முடியல."

அவன் போய்விட்டான். முந்நூறு காடைகளும் கவிராவும் மிஞ்சினார்கள். அவற்றைத் திறந்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. தீவனம் வைத்தாள். அவை முட்டையிட்டன.

ஒரு வாரம் கழித்து அவள் அந்தப் பழைய பக்கத்தை எடுத்துப் படித்தாள். கலவரம் தீர்ந்தால் சனங்கள் துணி துவைப்பார்கள். துவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பெனியில் கடன் குறைந்திருந்தது. பங்கு இன்னும் ஐம்பது பெறும், விலை இன்னும் முப்பதுதான். விற்க ஒரு காரணமும் இல்லை என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். அந்த வரியை அவள் பங்குகளுக்காக எழுதியிருந்தாள். எத்தனை முறை படித்தும் அதில் பங்கு என்ற சொல் இல்லை. படலுக்குப் பக்கத்தில் நின்று அவரையே கேளு என்று சொன்ன வாய் அவளுடைய வாய்தான். உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு புரோக்கருக்குப் போன் செய்தாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு விக்கணும்."

"நீங்களா விக்கிறீங்க?" புரோக்கருக்கு ஆச்சரியம். "எழுதி வெச்சு பத்து நாள் ஆச்சா?"

"இதுக்குச் சுற்று இல்ல" என்றாள்.

இகோஜிக்குப் போய் அதே பசுவைத் தேடிப் பிடித்தாள். வாங்கியவன் அவள் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றினான், எழுபத்திரண்டாயிரம். மடியைத் தொட்டுப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். ஐம்பத்தைந்துக்கு மேல் பெறாது. எண்ணிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். எட்டு மைல் நடந்து ஓட்டி வந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பசுவைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டோர்கஸ் முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பசு தானாகவே பழைய தொழுவத்தைப் பார்த்து நடந்தது.

"டெனிஸ் அப்பா அனுப்பினாரா?"

"இல்ல. இது என் கணக்கு."

"உங்களுக்கும் எனக்கும் என்ன கணக்கு?"

கவிராவுக்குக் கால் வலித்தது. உட்காரச் சொல்வாள் என்று நினைத்தாள், டோர்கஸ் சொல்லவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டப்ப எனக்குத் தெரியும், டோர்கஸ். இது நிக்காதுன்னு தெரியும். கடை கடையா ஏறி விசாரிச்சிருந்தேன்."

அவரைக்காய் டோர்கஸின் கையிலேயே இருந்தது. "தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? நான் உங்களை நம்பித்தானே அவ்வளவு தூரம் வந்து கேட்டேன்?"

"அவர் என்கூடப் பேசிட்டிருந்தார்" என்றாள் கவிரா. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்குப் பட்டது. "இருபத்தாறு வருஷத்துல அந்த ரெண்டு மாசம்தான் நான் தனியா இல்ல. உன்கிட்ட வேண்டாம்னு சொன்னா அது போயிடும்னு பயந்துட்டேன்."

டோர்கஸ் அவரைச் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கயிற்றை வாங்கினாள்.

"நானும் நாலு வருஷமா தனியாத்தான் இருக்கேன். அதுக்காக உங்க பசுவ நான் விக்கல" என்றாள். "போங்க, டெனிஸ் அம்மா. இதுக்குத் தண்ணி காட்டணும்."

கவிரா வீட்டுக்கு வந்தாள். பொழுது இறங்கி, மலையிலிருந்து பனி வந்துகொண்டிருந்தது. கூண்டுகளில் கைவிட்டு முட்டைகளைப் பொறுக்கினாள், நாற்பத்தொன்று இருந்தன. ஒரு குண்டானில் போட்டு வேகவைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து உப்பில் தொட்டுத் தின்றாள். சிறிய முட்டை, உரிக்கிற நேரம் தின்கிற நேரத்தைவிட அதிகம். எதிரில் இன்னொரு முக்காலி காலியாகக் கிடந்தது.

போன் அடித்தது. முரிதி. போனதிலிருந்து இப்போதுதான் பேசுகிறான். பின்னால் லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பசுவோட உன்னைப் பார்த்ததா இகோஜியில இருந்து ஒருத்தன் சொன்னான்."

"ஆமாம்."

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"உங்க தப்புக்கு இல்ல. அது என் தப்புக்கு. உங்க தப்ப நீங்களே பார்த்துக்குங்க."

அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டான். அந்தப் பக்கம் திமாவின் காற்று கேட்டது.

"இன்னும் அதுங்க முட்டை போடுதா?"

"போடுது. இன்னைக்கு நாப்பத்தொண்ணு."

"அவ்வளவையும்..." முரிதி கொஞ்சம் தயங்கினான். "யாரு சாப்பிடுறாங்க?"

கவிரா மடியிலிருந்த ஓடுகளைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள். "நான் ஒருத்திதான்."